கனமான பொய்மீனுக்கு ஒரு ராடு

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று மூன்று தூண்டில் ராடு விற்றேன். மூன்று பேரும் ஒரே மாதிரிதான் வாங்கினார்கள். கையில் எடுப்பது, கூரையைப் பார்த்து இரண்டு ஆட்டு ஆட்டுவது, "வெயிட்டே இல்லப்பா" என்று சந்தோஷப்படுவது. நுனியில் ஒரு லூரைக் கட்டிப் பார்க்கலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதுவரை யாருமே கேட்டதில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடது கையால் பையைத் திறந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு பொய்மீனை எடுத்து கவுண்டரில் வைத்தாள். நாங்கள் லூர் என்போம், அவள் பொய்மீன் என்றுதான் சொல்வாள். மரத்தால் செய்தது, நடுவில் ஒரு மூட்டு, வயிற்றுக்குள் ஈயம், தொங்கும் இரண்டு பெரிய கொக்கிகள். தராசில் வைத்தேன். 180 கிராம்.

"இதை வீசுற மாதிரி ஒரு ராடு குடுடா."

"உன் தோள் இருக்கிற லட்சணத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்."

"நான் ராடு கேட்டேன். புத்தி கேட்கல."

நீர்த்தேக்கத்தின் கரைச்சுவருக்குக் கீழே ஒரு பெரிய மீன் இருக்கிறதாம். சின்ன லூரை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். போன வருடமே இரண்டு முறை அதன் முதுகைப் பார்த்திருக்கிறாள். அப்போது தோள் நன்றாக இருந்தது, ராடு இல்லை. இப்போது ராடுக்கு வழி இருக்கிறது, தோள் போய்விட்டது.

மார்ச் 4, புதன்

அக்காவுக்குப் பதினொரு வருடம். பாட்டில் கம்பெனியில் பெல்ட்டின் கடைசியில் நின்று, வருகிற கூடையைத் தூக்கித் தோள் உயரத் தட்டில் வைப்பது. நிமிடத்துக்கு நான்கு. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு. இதைச் செய்த தோளுக்கு ஆறு வாரம் லீவு கொடுத்ததையே பெரிய தர்மம் மாதிரி பேசுகிறார்கள்.

மார்ச் 7, சனி

கம்பெனி டாக்டரிடம் அக்காவோடு போனேன். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கதவு சரியாக மூடவில்லை, எல்லாம் காதில் விழுந்தது.

"கையை முன்னால தூக்கும்மா. ம். பக்கவாட்டுல. ம். தலைக்கு மேல. வலிக்குதா?"

"வலிக்குது."

"ஆனா தூக்குறீங்களே."

அவ்வளவுதான். மூன்று நிமிடம். வெளியே வரும்போது அவள் கையில் தாள்: வேலைக்குத் தகுதி உண்டு, ஏப்ரல் 6 அன்று அதே பெல்ட்டில் சேர வேண்டும்.

வெறும் கையைத் தூக்கச் சொன்னா யார்தான் தூக்க மாட்டா? கூடையோட தூக்கச் சொல்லிப் பார்த்தானா அந்த ஆளு? ஆயிரத்து எண்ணூறு தடவை வேண்டாம், ஒரு பத்துத் தடவை?

பஸ்ஸில் இதைக் கத்திச் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்கிட்ட ஏன்டா கத்துற? நான்தான் டாக்டரா?"

தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. முப்பது நாளுக்குள் எழுதிக் கேட்டால் வெளி டாக்டர் ஒருவரிடம் இரண்டாவது பரிசோதனை. அதிலும் தகுதி உண்டு என்று வந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. பெல்ட்டுக்குப் போனால் தோள் ஒரேயடியாகப் போகும், போகாவிட்டால் வேலை போகும்.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதியது நான். "அயோக்கியத்தனம்" என்ற சொல்லை அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ராடு எடுத்துவிட்டேன். கடையிலேயே எடை குறைந்தது. ஆறரை அடி, ராடே 110 கிராம்தான். பக்கவாட்டில் ஸ்டிக்கர்: வீசும் எடை 100–250 கிராம். 180 அதற்குள் அடக்கம். தோள் வலிக்கு இலேசான ராடுதானே நல்லது? கையில் கொடுத்தபோது அக்காவும் கூரையைப் பார்த்து இரண்டு ஆட்டு ஆட்டினாள்.

"வெயிட்டே இல்லடா."

எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

உடைந்துவிட்டது.

ஒன்பதாவது வீச்சு. எட்டு வீச்சும் அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தன. ராடு குட்டை, கைப்பிடியும் குட்டை, அதனால் 180 கிராமையும் வலது தோளே தூக்கி எறிய வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டப்பென்று ஒரு சத்தம். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே ராடு இரண்டானது. பாரம் சட்டென்று விட்டுப்போனதில் அவள் கை சுழன்று பின்னால் போனது.

கரைச்சுவரில் அப்படியே உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. நான் பக்கத்தில் நின்றேன், என்ன செய்வதென்று தெரியாமல் ரீலைச் சுற்றினேன். பொய்மீன் புல்லும் பாசியும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். "பெல்ட்டா இருந்தா கூடை தலைமேல விழுந்திருக்கும். இது பரவால்ல."

சிரிக்காதேக்கா. தயவுசெஞ்சு சிரிக்காதே.

மார்ச் 16, திங்கள்

ஒரு விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். எழுதக் கை வரவில்லை.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியதே நான்தான்.

நவம்பரில் முதலாளி ஒரு பெட்டி நிறைய ராடு இறக்கினார். எதிலும் ஒரு எழுத்துக் கிடையாது. மேஜை டிராயரில் இருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் ஒட்டு என்றார். நாற்பது ராடு. பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை என்று முதலாளியே பாராட்டினார். நான்கு மாதம் கழித்து அதே ஸ்டிக்கரை, யாரோ சோதித்துப் பார்த்து எழுதியது மாதிரி படித்து, அக்கா கையில் கொடுத்திருக்கிறேன்.

கம்பெனி டாக்டரைத் திட்டினேன். வெறும் கையைத் தூக்கச் சொன்னான் என்று. நான் மட்டும் என்ன செய்தேன்? வெறும் ராடைத் தூக்கிப் பார்த்துவிட்டு இலேசு என்றேன்.

மார்ச் 18, புதன்

மதியம் கடையில் ஆள் இல்லை. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் 180 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றினேன். நூலில் கட்டி, ஒவ்வொரு ராடின் நுனியிலும் தொங்கவிட்டுப் பார்த்தேன். கைப்பிடியைக் கவுண்டர் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டு, எங்கே வளைகிறது என்று கவனித்தேன்.

ஸ்டிக்கர் ராடு கைப்பிடியிலிருந்தே தொங்கியது, ஈரத்துணி மாதிரி. அசையாத பாட்டிலுக்கே முழு பலத்தையும் கொடுத்துவிட்டால் வீசும்போது கொடுக்க அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்? பாட்டிலில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எண்பது கிராமில்தான் அதற்கு மூச்சு வந்தது.

மூலையில் யாரும் சீண்டாத ஒன்று இருக்கிறது. எட்டரை அடி. ராடே 290 கிராம். வருகிறவர்கள் தூக்கிப் பார்த்து, "இது என்னப்பா உலக்கை" என்று திருப்பி வைப்பார்கள். அதில் கட்டினேன். நுனி மட்டும் தலைகுனிந்தது. முக்கால் நீளம் நிமிர்ந்தே இருந்தது. பின் கைப்பிடி மட்டும் ஒன்றரை அடி.

ஒரு கையால் பிடித்தால் இதுதான் கனம், சந்தேகமே இல்லை. ஆனால் முழங்கை நீள லூரை ஒரு கையால் வீசுகிறவர் யார்? இடது கையைப் பின் கைப்பிடியின் கடைசியில் வைத்துப் பார்த்தேன். இடது கை வயிற்றை நோக்கி இழுத்தால் நுனி தானே பறக்கிறது. வலது கை ஒரு கீல் மாதிரி சும்மா இருந்தால் போதும்.

முதலாளி வந்துவிட்டார்.

"தண்ணி பாட்டில் கட்டி விளையாடுற இடமாடா இது?"

"ஸ்டிக்கர்ல போட்டதுல பாதியைக்கூட இது தாங்காது சார்."

"ஸ்டிக்கர் வாங்குறவனுக்கு. நீ விற்கிறவன்."

"இனிமே நான் ஒட்ட மாட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சம்பளமும் வாங்க மாட்டியா?" என்றார். பிறகு போன் வந்தது, போய்விட்டார். நான் இன்னும் வேலையில் இருக்கிறேனா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

மார்ச் 19, வியாழன்

இருக்கிறேன். புதுப் பெட்டி வந்திருக்கிறது. முதலாளியே உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார். எல்லாம் கோணல்.

மார்ச் 22, ஞாயிறு

காலை ஆறரைக்குக் கரைச்சுவர். ராடை உறையிலிருந்து எடுத்ததும் அக்கா கேட்டாள்: "என்னடா, கொடிக்கம்பமா?"

வலது முழங்கை விலாவை விட்டுப் பிரியக்கூடாது, இழுப்பதெல்லாம் இடது கை, திருப்புவது இடுப்பு. நேற்று முற்றத்தில் கொக்கி கழற்றிய பொய்மீனோடு பழகியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பூனை இன்னும் வெளியே வரவில்லை.

முதல் வீச்சில் பொய்மீன் எதிர்க்கரையை நோக்கிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. விழுந்த சத்தம் பிறகுதான் வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெல்ட்டில் சேர்வதற்கு முன்னால் அவளுக்கு இருந்த முகம் அது.

"வலிக்குதா?"

"வாயை மூடு. எண்ணு."

முப்பது வீச்சு. அதற்கு மேல் கூடாது என்று அவளே வைத்த கணக்கு. வீச்சுக்கு வீச்சு மூச்சு வாங்கி, சுவரில் உட்கார்ந்து, எழுந்து வீசினாள். ரீலைச் சுற்றும்போது பின் கைப்பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இருபத்துமூன்றாவதில், பொய்மீனுக்குப் பின்னால் ஒரு நிழல் வந்தது. ஒரு ஆள் கை நீளம் இருக்கும். சுவர் வரைக்கும் வந்து, நின்று, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

போகும்போதுதான் பார்த்தேன். சுவரின் அந்தக் கோடியில் மடக்கு நாற்காலி போட்டு ஸ்டாப்வாட்ச் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டின் சூப்பர்வைசர். கழிப்பறைக்குப் போனால்கூட நேரம் பார்ப்பதால் பெண்கள் வைத்த பெயர். கையை உயர்த்தி ஆட்டினார். அக்காவும் கையை உயர்த்தினாள். இடது கையை.

மார்ச் 25, புதன்

கடிதம். ஏப்ரல் 2 அன்று வெளி டாக்டரிடம் பரிசோதனை. கூடவே ஒரு தாள், டாக்டருக்கும் ஒரு நகல் போயிருக்கிறதாம்: 'மேற்படி பணியாளர் ஞாயிறு காலை கனமான தூண்டில் கருவியைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வீசியதை நேரில் கண்டேன். தோளில் எந்தச் சிரமமும் தெரியவில்லை.' கீழே ஸ்டாப்வாட்ச்சின் கையெழுத்து.

சிரமம் தெரியக்கூடாதுன்னுதானே பதினஞ்சு நாளா ராடு தேடினேன்? அதையே எடுத்து அவ கழுத்துல வைக்கிறாங்களே. எல்லாம் என்னால. உடைஞ்ச ராடோட விட்டிருந்தா இந்தத் தாள் வந்திருக்குமா?

அம்மா அந்தக் கழியை முறித்துப் போடு என்றாள். நான் அக்காவிடம், ரெண்டாம் தேதி வரைக்கும் நீர்த்தேக்கம் பக்கமே போகாதே என்றேன்.

"போகாம?"

"வீட்ல இரு. கையைக் கட்டிக்கிட்டு இரு. நாலு பேர் பார்க்கிற மாதிரி."

"நோயாளின்னு நடிக்கச் சொல்றியா? எனக்கு நிஜமாவே வலிக்குதுடா. நிஜமா வலிக்கிறவ எதுக்கு நடிக்கணும்?"



மார்ச் 27, வெள்ளி

ஸ்டாப்வாட்ச் கடைக்கு வந்தார். பெரிய லூர் வீச ராடு வேண்டுமாம். நேராகப் போய் ஸ்டிக்கர் ராடை எடுத்தார். கூரையைப் பார்த்து இரண்டு ஆட்டு.

"வெயிட்டே இல்லையே. இருநூத்தம்பது தாங்குமா?"

தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் சந்தோஷம். ஞாயிறு காலை டப். அவர் தோளும் ஒரு சுழற்று சுழலட்டும். சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பாட்டிலை எடுத்துக் கட்டினேன். ராடு தொங்கியது.

"எண்பதுக்கு மேல தாங்காது சார். ஸ்டிக்கர் பொய்."

முதலாளி இருமினார். ஸ்டாப்வாட்ச் தொங்கிய ராடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க அக்கா வீசுறாங்களே, அது எது? கையே வலிக்காதாமே."

"வலிக்காத மாதிரி தேடி எடுத்தது சார். முப்பது வீச்சு, நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து. நீங்க பார்த்தீங்களே, உட்கார்ந்ததை எழுதலையா?"

"நான் பார்த்ததை எழுதினேன்."

"பெல்ட்டுல உட்கார விடுவீங்களா?"

அவர் பர்ஸை எடுத்தார். அதே மாதிரி எட்டரை அடி ராடு இன்னொன்று உள்ளே இருந்தது, வாங்கிக்கொண்டு போனார். நான் அவருக்கு நல்ல ராடு விற்றிருக்கிறேன். இதற்காக என்னை மெச்சிக்கொள்ள முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் ராடைப் பற்றிக் கேட்கவேயில்லை. "பாட்டிலைக் கட்டினதும் என்ன முகம் வச்சான்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "கூடையிலயும் ஒரு ஸ்டிக்கர் இருக்குடா" என்றாள்.

"என்ன ஸ்டிக்கர்?"

"மொத்த எடை ஒன்பது கிலோன்னு. சின்ன பாட்டில் வந்த காலத்துல ஒட்டினது."

மார்ச் 30, திங்கள்

கடையில் மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், இருபத்தைந்து கிலோ வரை காட்டும். ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை ரேடியோவிடம் கொடுத்தாள். பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள், வாய் ஓயாதவள். இன்று பெல்ட் கழுவ நிறுத்திய நேரத்தில் ரேடியோ நான்கு கூடைகளைக் கொக்கியில் மாட்டித் தூக்கியிருக்கிறாள்.

பன்னிரண்டு கிலோ நானூறு. நான்கும் அதையொட்டித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாட்டிலைப் பெரிதாக்கினார்கள். கூடையை மாற்றவில்லை, ஸ்டிக்கரையும் மாற்றவில்லை. அதைத்தான் கம்பெனி டாக்டரின் தாளிலும் எழுதியிருக்கிறார்கள்: தூக்கும் எடை ஒன்பது கிலோ. அக்காவின் தோள் வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தாள்: அதே இரண்டு வருடம்.

"ரெண்டு வருஷமா எனக்கு வயசாகுதுன்னு நினைச்சேன்டா" என்றாள். அவளுக்கு முப்பத்துமூன்று.

ஏப்ரல் 2, வியாழன்

ராடை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று பஸ் நிறுத்தம் வரை கெஞ்சினேன். எட்டரை அடி உறையைப் பஸ்ஸில் ஏற்ற நடத்துனர் மறுத்து, அப்புறம் கடைசி சீட்டில் படுக்கப் போடச் சொன்னார்.

வெளி டாக்டர் ஒரு பெண். இந்த முறை என்னையும் உள்ளே விட்டார். மேஜையில் ஸ்டாப்வாட்ச்சின் தாள் இருந்தது.

"ஒரு மணி நேரம் வீசினதா எழுதியிருக்காங்க. உண்மையா?"

"உண்மைங்க. இதைத்தான் வீசினேன்." உறையைத் திறந்தாள். வெட்டவெளியில் நிற்பது போல நின்று, முழங்கையை விலாவில் ஒட்டி, இடது கையால் இழுத்துக் காட்டினாள். நுனி விளக்கில் பட்டது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பது தடவை. நடுநடுவுல உட்கார்ந்தேன். ராடு என் தோளுக்குத் தகுந்த மாதிரி பார்த்து எடுத்ததுங்க. பெல்ட்டை அப்படி யாரும் எடுக்கல."

நான் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

டாக்டர் வழக்கம்போல ஆரம்பித்தார். கையை முன்னால தூக்குங்க. அக்கா தூக்கவில்லை. "வெறும் கையோடன்னா தூக்குவேன். கூடையோட பாருங்க" என்று சொல்லி, நான் சுமந்து வந்த தண்ணீர் பாட்டில் பையைத் திறந்து, என்னையே கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிக் காட்டச் சொன்னாள். 12.4. டாக்டர் கம்பெனி தாளைப் பார்த்தார். "இதுல ஒன்பதுன்னு இருக்கே?" அக்கா ரேடியோ எடுத்த போட்டோவைக் காட்டினாள். கூடை, ஸ்டிக்கர், தராசு, மூன்றும் ஒரே படத்தில். ஓரத்தில் ரேடியோவின் பல்.

முழுக் கனம் வேண்டாம் என்றார் டாக்டர். பையில் மூன்றில் ஒரு பங்கு பாட்டில்களை மட்டும் வைத்துத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்துக்கு அலமாரித் தட்டு. நிமிடத்துக்கு நான்கு. டாக்டரே கடிகாரம் பார்த்தார். ஆறு வரைக்கும் போனது. ஏழாவதில் உதட்டைக் கடித்தாள். பதினொன்றாவதில் கை பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். அவள் அதை மேலே தள்ளப் பார்க்கிறாள், அது வரமாட்டேன் என்கிறது. பையை டாக்டர் எழுந்து வந்து வாங்கினார்.

நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

அக்கா நாள் முழுக்கத் தூங்கினாள்.

ஏப்ரல் 9, வியாழன்

முடிவு வந்துவிட்டது. அதுவரை ஆறாம் தேதிக் கெடுவைத் தள்ளி வைத்திருந்தார்கள். மார்பு உயரத்துக்கு மேல் தூக்கும் வேலை கூடாது, திரும்பத் திரும்பச் செய்யும் பளு வேலை கூடாது. டாக்டர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: கூடையின் உண்மையான எடை 12.4 கிலோ எனப் பணியாளர் காட்டினார், நிறுவனம் சரிபார்க்க வேண்டும்.

திங்களிலிருந்து மூடி பார்க்கும் மேஜை. கோணல் மூடியை எடுத்துப் போடும் வேலை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும், நாற்காலி கிடையாது. கொடுக்கிற கையோடு ஒன்றைப் பிடுங்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. அக்கா இடத்தில் இருபது வயசுப் பெண் ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். கூடை அதே கூடை. ஸ்டிக்கரும் அதே ஸ்டிக்கர்.

அக்காவுக்கு அதுதான் உறுத்துகிறது. "நான் தப்பிச்சேன், சரி" என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

முப்பது வீச்சு. நிழல் வரவில்லை. ஸ்டாப்வாட்ச் அந்தக் கோடியில் தன் ராடை ஒற்றைக் கையால் வீசிக்கொண்டிருந்தார், தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முழங்கையை ஒட்டி வைங்க சார்!" என்று கத்தினாள்.

ஏப்ரல் 16, வியாழன்

மதியம் ஷிஃப்ட் விட்டதும் ரேடியோ கடைக்கு வந்தாள். கூட நான்கு பெண்கள், அதில் ஒருத்திக்கு இருபது வயதுதான் இருக்கும். ராடு இருந்த பக்கம் யாரும் போகவில்லை. முதலாளி எழுந்து நின்று, "என்னம்மா பார்க்கிறீங்க, மீன் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

கொக்கித் தராசு ஐந்து இருந்தன. ஐந்தும் போய்விட்டன. முதலாளி இன்னும் ஒரு டஜன் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.